ரெண்டாவதா ஒரு பிரவுசர்: எதை எடுக்கிறது, எதுக்கு எடுக்கிறது?

இந்த மாதம் வந்த கேள்வியள் கனக்க ஒரே விசயத்தைச் சுத்தித்தான் கிடந்தது. போன்லயும் கொம்பியூட்டர்லயும் ஒரு பிரவுசர் ஏற்கனவே இருக்கு, இன்னொண்டு வேணுமோ, வேணுமெண்டா எது? அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வச்சிட்டு இதை மட்டும் எடுத்திருக்கிறன்.

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் படிப்பிக்கிற ஆள். போன்லயும் வீட்டு லப்டொப்லயும் குரோம் மட்டும்தான். போன மாதம் ஒரு ஒன்லைன் படிவம் நிரப்பப் போய் மூண்டு நாளா கடைசிப் பக்கத்தில சுத்திக்கொண்டே நிண்டுது. பிறகு மகன் வேற பிரவுசர்ல திறந்து ரெண்டு நிமிசத்தில அனுப்பிப்போட்டான். இனிக் குரோமை விட்டிட்டு மாறுறதோ, இல்லாட்டி ரெண்டையும் வச்சிருக்கிறதோ?
– ஆசிரியை ஒருவர், மல்லாவி

பதில்: ரீச்சர், ரெண்டையும் வச்சிருங்கோ. ஆவணி புரட்டாதியில வீட்டுக் கிணறு அடிமட்டத்துக்குப் போனா பக்கத்து வளவுக்கு வாளியோட போறம், அதுக்காக வீட்டுக் கிணத்தை ஆரும் மூடுறேல்லைத்தானே. ஆனா ஒண்டு பாக்கோணும், பக்கத்து வளவுக் கிணத்துக்கும் அதே ஊத்துத்தான் எண்டா இஞ்ச வத்தேக்க அங்கயும் வத்தும்.

பிரவுசருக்கும் அப்பிடி ஒரு ஊத்து இருக்கு. சைற்றில இருந்து வாறதை வாங்கி பக்கமா வரைஞ்சு காட்டுற பகுதி, அதை எஞ்சின் எண்டு சொல்லுவினம். குரோமுக்கு உள்ள இருக்கிறது பிளிங்க் எண்ட எஞ்சின். மைக்ரோசொஃப்ட் எட்ஜ் 2020 தை மாதத்தில இருந்து அதே எஞ்சினுக்கு மாறிட்டுது, ஒபேராவும் பிரேவும் விவால்டியும் சாம்சுங் போனோட வாற சாம்சுங் இன்ரநெற்றும் அதிலதான் ஓடுது. பேரும் சின்னமும் தான் வேற வேற. எங்கட அன்ட்ரொய்ட் போன்லயும் விண்டோஸ்லயும் வேற ஊத்து எண்டு சொல்லக்கூடியது ஃபயர்பொக்ஸ் தான், அதுக்கு கெக்கோ எண்டு சொந்த எஞ்சின், 2004இல முதல் பதிப்பு வந்த நாளில இருந்து அதிலதான் நிக்குது. அதால குரோம் முதலாவதா இருக்கிற ஆளுக்கு ரெண்டாவதா ஃபயர்பொக்ஸைத்தான் நான் சொல்லுவன், போனுக்கும் அதுதான் லப்டொப்புக்கும் அதுதான். ரெண்டிலயும் ஒரே எக்கவுன்ற் போட்டா லப்டொப்பில திறந்த பக்கத்தை அப்பிடியே போனுக்கு அனுப்பலாம், அதுவும் வசதி.

ஆனா ரீச்சர், உங்கட படிவம் நிண்டதுக்கு எஞ்சின் காரணமா இருந்திருக்கும் எண்டு நான் நினைக்கேல்லை. இப்ப சைற் செய்யிற ஆக்கள் முதல்ல குரோம்ல தான் பரிசோதிக்கிறவை, உலகத்தில மூண்டில ரெண்டு பங்கு ஆக்கள் பாவிக்கிறது அதைத்தான் எண்டபடியால். சில சைற் ஃபயர்பொக்ஸில சண்டித்தனம் பண்ணிக் குரோம்ல ஒழுங்கா வேலை செய்யும், அதையும் மறைக்காமச் சொல்லோணும். உங்கட மகன் திறந்த பிரவுசர்ல வேலை செய்ததுக்குப் பெரும்பாலும் காரணம் அது புதுசு, உள்ள ஒண்டும் தேங்கேல்லை. குரோம்ல பழைய குக்கி கிடந்திருக்கலாம், அதாவது நீங்கள் முந்தி அந்த சைற்றுக்குப் போனதின்ர அடையாளம், அதை வச்சு நீங்கள் இன்னும் பழைய லொக்கின்ல நிக்கிறியள் எண்டு சைற் நினைச்சுக் குழம்பும். இல்லாட்டிக் காசு கட்டுற பக்கம் தனி ஜன்னலாத் திறக்கப் பாத்து, பொப்அப் எண்டு குரோம் தடுத்திருக்கலாம். இன்னொரு காரணம் இருக்கு, கனபேருக்குத் தெரியாது: ஆங்கிலப் பக்கத்தைத் தமிழுக்கு மாத்து எண்டு மொழிபெயர்ப்பைப் போட்டிட்டு அதிலயே படிவத்தை நிரப்புறது. மொழிபெயர்ப்பு பக்கத்தின்ர எழுத்தை உள்ளுக்க மாத்திப்போடும், அதால சில படிவத்தின்ர பட்டன் வேலை செய்யாமப் போகும். வாசிச்சு விளங்கிறதுக்கு மொழிபெயர்ப்பு நல்லது, நிரப்பேக்க அதை நிப்பாட்டிப்போட்டு நிரப்புங்கோ.

அடுத்த முறை இப்பிடி நிண்டா முதல்ல அதே குரோம்ல இன்கொக்னிற்றோ ஜன்னல் ஒண்டைத் திறந்து பாருங்கோ, அது பழைய குக்கி ஒண்டும் இல்லாமத் திறக்கிற தனி ஜன்னல். அதில போனா பழைய குக்கியோ எக்ஸ்டென்சனோ (பிரவுசரோட சேத்துப் போடுற சின்ன மென்பொருள்) தான் பிரச்சினை, அந்த ஒரு சைற்றின்ர டேட்டாவை மட்டும் அழிச்சாக் காணும். அதிலயும் போகேல்லையோ, அப்ப ஃபயர்பொக்ஸைத் திறவுங்கோ. ரெண்டிலயும் சுத்துதெண்டா அந்தப் பக்கத்து சேர்வர் நெரிஞ்சு போய்க் கிடக்கு, பரீட்சை முடிவு வாற நாளில நடக்கிற மாதிரி. அதுக்கு ஒரு பிரவுசராலயும் ஒண்டும் செய்ய ஏலாது, விடியக்காத்தால திறந்து பாருங்கோ.

இன்னும் ஒரு விசயம், எனக்கு இதுதான் முக்கியம். ரெண்டாவது பிரவுசரைச் சும்மா அவசரத்துக்கு எண்டு வச்சிருக்காம அதுக்கு ஒரு வேலையைக் குடுங்கோ. பாங்க், ஈபிஎஃப், அரசாங்கப் படிவம், சம்பளம் சம்மந்தமான எல்லாம் ஒரு பிரவுசர்ல, செய்தி, சமையல், ஃபேஸ்புக்கில ஆரும் அனுப்பின லிங்க் எல்லாம் மற்றதில. காசு சம்மந்தமான பிரவுசர்ல எக்ஸ்டென்சன் ஒண்டும் போடாதேங்கோ, கண்ட லிங்க்கையும் அதில திறவாதேங்கோ. போன்ல லிங்க்கைத் தட்டினா எந்தப் பிரவுசர் திறக்கிறது எண்டதை செற்றிங்ஸில அப்ஸ் பகுதிக்குள்ள டிஃபோல்ட் அப்ஸ் எண்ட இடத்தில மாத்தலாம், அங்க செய்தி பாக்கிற பிரவுசரை வச்சுவிடுங்கோ. அப்ப ஆரும் பாங்க் மாதிரி வேசம் போட்டு எஸ்எம்எஸ்ல லிங்க் அனுப்பினாலும், அது திறக்கிற இடத்தில உங்கட பாங்க் லொக்கினும் இல்லை, பாஸ்வேட்டும் இல்லை. பாஸ்வேட்டைத் தானா நிரப்பாம நிக்கிறதைக் கண்ட உடன உங்களுக்கே ஒரு யோசினை வரும்.

கேள்வி: தம்பி, நான் மேட்டு நிலப் பயிர் செய்யிறனான். மகள் தந்த சின்ன போன், ரெண்டு ஜிபி ராம். காலநிலை, மரக்கறி விலை, ஊர்ச் செய்தி இவ்வளவும்தான் பாக்கிறது, ஆனா டேட்டா கார்ட் போட்டு ஒரு கிழமையும் நிக்குதில்லை. ஒபேரா மினி போடச் சொல்லுறாங்கள். போடட்டோ?
– விவசாயி ஒருவர், விசுவமடு

பதில்: போடுங்கோ ஐயா, உங்கட தேவைக்கு அது சரியான சாமான். ஒபேரா மினி 2006இல இருந்து உலகம் முழுக்கப் பாவனையில இருக்கு, சின்ன போனுக்கெண்டே செய்தது. அது சைற்றுக்கு நேர போறேல்லை. நீங்கள் பக்கத்தைக் கேட்டா ஒபேரா கொம்பனியின்ர சேர்வர் போய் எடுத்து, படத்தையும் எழுத்தையும் நசிச்சுச் சின்னப் பொட்டலமாக் கட்டி உங்களுக்கு அனுப்பும். டேட்டா சேமிக்கிற இடத்தில எக்ஸ்ட்ரீம் எண்டு ஒண்டு இருக்கு, செய்திக்கும் விலைப் பட்டியலுக்கும் அதை வச்சுப் பாருங்கோ, சிக்னல் ஒரு கோடு நிக்கிற வயல்கரையிலயும் பக்கம் வரும். குரோம்லயும் முந்தி லைற் மோட் எண்டு இதே மாதிரி ஒண்டு இருந்தது, 2022 பங்குனியோட அதை நிப்பாட்டிப்போட்டாங்கள், அதால ஆரும் குரோம்ல தேடச் சொன்னா நேரத்தை வீணாக்காதேங்கோ.

ஆனா ஐயா, எக்ஸ்ட்ரீம்ல வச்சுக்கொண்டு பாங்க் பக்கத்துக்குப் போகக்கூடாது. பூட்டின கடிதம் உங்களிட்ட இருந்து பாங்குக்கு நேர போகோணும், இதில நடுவில இருக்கிற சேர்வர்ல கடிதத்தைப் பிரிச்சுத்தான் நசிக்கிறது. அவையள் களவெடுப்பினம் எண்டு நான் சொல்லேல்லை, நடுவில ஒரு கை படுகுது, காசு விசயத்தில அது வேண்டாம். பாங்குக்கு அவையின்ர அப்பையோ குரோமையோ பாவியுங்கோ.

மற்றது, டேட்டாவைக் குடிக்கிறது அனேகமா வீடியோதான். ஃபேஸ்புக்கில வீடியோ தானா ஓடுறதை நிப்பாட்டிவிடுங்கோ, யூரியூப்பில தரத்தைக் குறைச்சுவிடுங்கோ. இது ரெண்டும் தனித்தனி அப், இதுக்குள்ள ஓடுறதை ஒரு பிரவுசராலயும் சேமிச்சுத்தர ஏலாது. மகளைக் கொண்டு இதைச் செய்விச்சா ஒபேரா மினி மிச்சம் பிடிக்கிறதை விடக் கூடவும் மிஞ்சும்.

கேள்வி: அண்ணா, கம்பஸ் மெயிலும் சொந்த மெயிலும் குரோம்ல கலந்து குழம்புது, எசைன்மென்ற் ஒருக்கா மாறி சொந்த டிரைவ்ல ஏறிட்டுது. விளம்பரம் தடுக்கிற எக்ஸ்டென்சனும் வேலை செய்யுதில்லை. லப்டொப் நாலு ஜிபி ராம், விண்டோஸ் 10. பிரேவ் நல்லம் எண்டு ஒருத்தன் சொல்லுறான், விவால்டி நல்லம் எண்டு இன்னொருத்தன்.
– மாணவன், பம்பைமடு

பதில்: தம்பி, மெயில் கலக்கிறதுக்குப் புதுப் பிரவுசர் தேவையில்லை. லப்டொப்பில குரோம்ல மேல வலப்பக்க வட்டத்தைத் தட்டினா இன்னொரு புறொஃபைல் சேக்கலாம், கம்பஸுக்கு ஒண்டு வீட்டுக்கு ஒண்டு, குக்கி, பாஸ்வேட், புக்மார்க் எல்லாம் தனித்தனி. ஃபயர்பொக்ஸில கன்டெய்னர் எண்ட எக்ஸ்டென்சன் இருக்கு, ஃபயர்பொக்ஸைச் செய்யிற மொசில்லாவே செய்தது, ஒரே ஜன்னல்ல ஒரு ராப் கம்பஸ் மெயில், பக்கத்து ராப் சொந்த மெயில், நிறம் வேற வேற. எனக்கு அதுதான் பிடிப்பு.

விளம்பரத் தடுப்பு நிண்டது உன்ர லப்டொப் பிழையில்லை. கூகிள் எக்ஸ்டென்சன் விதியை மாத்தி மனிஃபெஸ்ற் வி3 எண்டு கொண்டு வந்தது, 2024இல இருந்து பழைய விதியில எழுதின யூபிளொக் ஒரிஜின் எண்ட விளம்பரத் தடுப்பு குரோம்ல படிப்படியா நிண்டு போச்சு. அதின்ர லைற் பதிப்பு இருக்கு, ஆனா பழையதின்ர வல்லமை இல்லை. ஃபயர்பொக்ஸில முழுசும் இப்பவும் ஓடுது, அன்ட்ரொய்ட் ஃபயர்பொக்ஸிலயும் போடலாம், அன்ட்ரொய்ட் குரோம்ல எக்ஸ்டென்சனே போட ஏலாது.

பிரேவைத் துவக்கினவர் பிரெண்டன் ஐக், ஜாவாஸ்கிரிப்டை எழுதினவர், மொசில்லாவைத் துவக்கின ஆக்கள்ல ஒருத்தர். போட்ட உடன விளம்பரம் தடுக்கும், ஒண்டும் தேடி ஏத்தத் தேவையில்லை, அது உண்மையில நல்ல விசயம். கிரிப்டோ சம்மந்தமா சில பொட்டன் முன்னுக்கு நிக்கும், செற்றிங்ஸில மறைச்சுவிடு. விவால்டி ஒபேராவின்ர பழைய தலைவர் தொடங்கினது, இருவது முப்பது ராப் திறந்து வச்சு ஆராயிற ஆக்களுக்குத் தங்கம், உன்ர நாலு ஜிபிக்கு அது பாரம் எண்டு நினைக்கிறன். ராமைத் தின்னுறது பிரவுசரின்ர பேர் இல்லைத் தம்பி, திறந்து விட்ட பக்கம் தான். ரெண்டு பிரவுசரையும் ஒரே நேரத்தில ஓடவிடாத, ஒண்டை மூடிட்டு மற்றதைத் திற. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஐப்பசி 14ஓட வழமையான பாதுகாப்பு அப்டேட்டை நிப்பாட்டிட்டுது, அதால பிரவுசரையாவது அப்டேட் இல்லாம ஒரு நாளும் விடாத.

கேள்வி: அண்ணா, வீட்டில ஒரு போன்தான். பகல்ல என்னட்ட, பின்னேரம் பிள்ளையள் படிக்க எடுக்குங்கள். திருப்பித் தரேக்க கண்ட கண்ட விளம்பரம் மேல வந்து விழுது, போனுக்கு வைரஸ் எண்டெல்லாம் வருது. பிள்ளையளுக்கு இன்கொக்னிற்றோவில பாக்கப் பழக்கினாச் சரிவருமோ?
– தாய் ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: இல்லையக்கா, இன்கொக்னிற்றோ அந்த வேலைக்கில்லை. அது மூடின பிறகு போன்ல வரலாறு நிக்காது, அவ்வளவுதான். உள்ள பாக்கிற பக்கத்தை அது தடுக்காது, சிம் கொம்பனிக்கோ சைற்றுக்கோ உங்களை மறைக்கவும் மாட்டுது. பிள்ளையள் என்ன பாத்தவை எண்டு நீங்கள் பாக்கிற வழியும் போயிடும்.

உங்களுக்கு மேல வந்து விழுறது அனேகமா வைரஸ் இல்லை, பயப்பிடாதேங்கோ. ஏதோ ஒரு சைற் அறிவித்தல் அனுப்பட்டோ எண்டு கேக்க பிள்ளை அலவ் எண்டதைத் தட்டியிருக்கும். குரோம் செற்றிங்ஸில நொட்டிஃபிகேசன் எண்ட இடத்துக்குப் போனா அனுமதி வாங்கின சைற் எல்லாம் வரிசையா நிக்கும், தெரியாத பேர் எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ, அண்டைக்கே நிண்டிடும். வைரஸைத் துப்பரவாக்கிறம், குரோமை அப்டேட் பண்ணு எண்டு வாற பொட்டனைத் தட்டக்கூடாது, அப்டேட் எண்டா பிளே ஸ்டோர்ல மட்டும்.

பிறகு பிள்ளையளுக்கெண்டு ஒரு பிரவுசரைப் பிரிச்சுக் குடுங்கோ, ஃபயர்பொக்ஸைப் போட்டு அதில யூபிளொக்கையும் ஏத்திவிட்டா அந்த மாதிரி விளம்பரம் பாதிக்கு மேல வராது. உங்கட பாங்கும் மெயிலும் குரோம்ல இருக்கட்டும், அதுக்கு அப் லொக் போடுங்கோ, சில போன்ல செற்றிங்ஸ்க்கு உள்ளயே இருக்கு. எந்தப் பிரவுசரைக் குடுத்தாலும் பிள்ளையளுக்குப் பக்கத்தில ஒரு அஞ்சு நிமிசம் இருந்து பாருங்கோ அக்கா, அதுகள் எங்க எங்க போகுதுகள் எண்டு அதுகளே காட்டும்.

கேள்வி: தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆள், கண் மங்கிப்போச்சு. கட்டுரையள் வாசிக்க ஆசை, எழுத்தைப் பெரிசாக்கியும் களைக்குது.
– வாசகர், பரந்தன்

பதில்: ஐயா, உங்களுக்கு மட்டும் ரெண்டாவது பிரவுசர் எட்ஜ் எண்டு சொல்லுவன், ஊத்து ஒண்டா இருந்தாலும் பரவாயில்லை. அதில பக்கத்தைச் சத்தமா வாசிக்கிற வசதி இருக்கு, கொம்பியூட்டர்ல கன்ட்ரோல், சிஃப்ட், யூ மூண்டையும் சேத்து அமத்தினாத் தொடங்கும். குரல் தெரிவு செய்யிற இடத்தில தமிழுக்கு இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் எண்டு இருக்கிறதோட இலங்கைத் தமிழுக்கெண்டும் ரெண்டு குரல் கிடக்கு, குமார், சரண்யா எண்டு பேர். இன்ரநெற் தொடுப்பு வேணும். வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுவிட்டுக் கேளுங்கோ. பிடிஎஃப் ஆ இருந்தாலும் உள்ள இருக்கிற எழுத்து யூனிக்கோட் எண்டா வாசிக்கும், எங்கட ஆக்கள் இன்னும் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சுப் போடுற பிடிஎஃப்களை வாசிக்காது, ஏனெண்டா கொம்பியூட்டருக்கு அது தமிழ் இல்லை, வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. சங்க மலர், விழா மலர் தயாரிக்கிற பிள்ளையள் தயவுசெய்து யூனிக்கோட்டில அடியுங்கோ, கண் தெரியாத ஆக்களும் கேட்டு வாசிக்கட்டும்.

கேள்வி: கனடாவில இருக்கிற அண்ணா ஐபோன் அனுப்பினவர். அதில சஃபாரியோட வேற எது போடலாம்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: எதையும் போடலாம் தங்கச்சி, ஆனா இஞ்ச பாவிக்கிற ஐபோன்ல குரோமோ ஃபயர்பொக்ஸோ எது போட்டாலும் உள்ள ஓடுறது அப்பிளின்ர வெப்கிற் எஞ்சின் தான், ஐரோப்பிய ஒன்றியத்தில 2024இல விதியைத் தளர்த்தினவை. சஃபாரியில திறக்காத சைற் மற்றதிலயும் திறக்காம இருக்கக்கூடும். லொக்கினைப் பிரிச்சு வைக்கிறதுக்கு மட்டும் ரெண்டாவது உதவும். வீட்டில விண்டோஸ் லப்டொப்பில குரோம் எண்டா ஐபோன்லயும் குரோம் போடுங்கோ, பாஸ்வேட் எல்லாம் கூட வரும்.

கேள்வி: நாங்கள் கொமினிகேசன் கடை வச்சிருக்கிறம். பிரின்ற் எடுக்க வாற ஆக்கள் எங்கட கொம்பியூட்டர்ல மெயிலைத் திறந்திட்டு அப்பிடியே விட்டிட்டுப் போகினம். ஒரு மெசின் பழைய விண்டோஸ் 7. என்ன செய்யலாம்?
– கடைக்காரர், மாங்குளம்

பதில்: அண்ணை, நீங்கள் கேட்டதுக்கு முதல்ல நன்றி, ஏனெண்டா நானே ஒருக்கா ஒரு கடையில மெயிலை மூடாம வந்து, அடுத்த நாள் ஞாபகம் வந்து ஓடிப்போனனான். என்ர ஐடென்ரிக்கார்ட் கொப்பி அந்த மெசின்ல திறந்தபடி கிடந்தது.

வாடிக்கையாளருக்கு ஒரு பிரவுசர், உங்கட கணக்கு வழக்குக்கு ஒண்டு. வாடிக்கையாளருக்கு ஃபயர்பொக்ஸை வச்சு, செற்றிங்ஸில பிரைவசி பகுதியில வரலாறு ஒருநாளும் ஞாபகம் வைக்காத மாதிரி மாத்திவிடுங்கோ, மூடின உடன லொக்கின் எல்லாம் போயிடும். ஆள் எழும்பினாப் பிறகு ஜன்னலை மூடுறது உங்கட கைப்பழக்கமா வரோணும். குரோம் தான் வேணுமெண்டா கெஸ்ற் ஜன்னல் அதே வேலையைச் செய்யும். ஆனா எந்தப் பிரவுசர் எண்டாலும் டவுன்லோட் பண்ணின ஃபைல் மெசின்ல தங்கும். பிறப்புச் சான்றிதழ், பாங்க் புத்தகம், காணி உறுதி எல்லாம் அந்த டவுன்லோட் போல்டர்லதான் குவிஞ்சு கிடக்கும், கடை பூட்ட முதல் ஒவ்வொரு நாளும் அதைத் துடைச்சு, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்குங்கோ. சனம் தங்கட காணி உறுதியை உங்களை நம்பித்தான் அந்தக் கதிரையில இருந்து திறக்குது.

விண்டோஸ் 7க்கு குரோம் 2023 தையில வந்த 109ஆவது பதிப்போட நிண்டிட்டுது. ஃபயர்பொக்ஸ் 115 ஈஎஸ்ஆர் எண்ட பதிப்பு அதுக்குப் பிறகும் கன காலம் பழைய விண்டோஸைத் தாங்கினது, ஆனா அந்த மெசின்ல சனத்தின்ர பாஸ்வேட் அடிக்க விடுறது எனக்கு மனம் வரேல்லை. நாலு ஜிபி ராம் இருந்தா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுப் பாருங்கோ, இலவசம், ஃபயர்பொக்ஸ் அதோடயே வரும், அனேகமான பிரின்ரரும் பிடிக்கும். அதுக்கு ஏலாதெண்டா அந்த மெசினை இன்ரநெற்றில இருந்து கழட்டிப்போட்டு ஸ்கானுக்கும் தட்டச்சுக்கும் மட்டும் வச்சிருங்கோ.